தண்ணீர் கேன் மூடியும் மனசு ஒப்பாத என் வீட்டுக்காரரும்

காளவாசல், மதுரை.
திங்கட்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பிறகு.

என் மரியாதைக்கும் பிரியத்துக்கும் உரிய ஜஸீலா அக்காவுக்கு, தங்கை சபியா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் என் வீட்டுக்காரர் யாசீனும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்கிறோம். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். இதைத் தனியாக எழுதக் காரணம் உண்டு. கப்பலூர்க் கூட்டத்தில் நான் ஊரார் முன்னால் புருஷனை ஏசினேன் என்றும், அவர் எழுந்து போய்விட்டார் என்றும் தம்பி தவ்பீக் உங்களிடம் சொல்ல, நீங்கள் சோறு கூடச் சாப்பிடவில்லையாம். கதவு வரைக்கும் வந்து பாதியைக் கேட்டுவிட்டுப் போனவன் அவன். முழுசையும் நான் சொல்கிறேன். போனில் சொன்னால் நீங்கள் இடையில் அழுவீர்கள், எனக்கு விஷயம் மறந்துபோகும். அதனால்தான் கடிதம்.

அத்தா எனக்கு விட்டுப்போன மூடிக் கம்பெனியும் என் வீட்டுக்காரர் சொந்தமாகப் போட்ட மூடிக் கம்பெனியும் கப்பலூரில் எதிரெதிரே இருப்பது உங்களுக்குத் தெரியும். வீடுகளுக்குப் போடும் தண்ணீர் கேனின் மேல் நீலமாக ஒன்று இருக்குமே, அந்த மூடிதான். என் மூடி ஒரு மயிரிழை தளர்வாக இருக்கும், அவருடையது ஒரு மயிரிழை இறுக்கம், மற்றவர்களுடையது அவரவர் குணம் போல. தண்ணீர் கம்பெனிக்காரர்கள் ஒரு மாதம் ஒருவரிடம் வாங்குவார்கள், மறு மாதம் இன்னொருவரிடம். மூடி பொருந்தாமல் கேன் மாடிப்படி நெடுக ஒழுகும், மூட்டை மூட்டையாக எங்களுக்கே திரும்பி வரும். ஆகவே மூடிக்காரர்கள் எல்லாரும் கூடி, எல்லாருக்கும் பொதுவாக ஒரே அளவை எழுதி வைப்பது என்று ஒரு குழு போட்டோம். நான் தலைவர். ஓட்டுப் போட்டால் தோற்றவர் மறுநாளே பழைய அளவில் மூடி செய்வார் என்பதால் ஓட்டே கிடையாது. எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. ஒரே ஒருவர் வேண்டாம் என்றாலும் பேச்சு அடுத்த மாதத்துக்குப் போய்விடும். கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது. அந்த ஒரே ஒருவர் என் வீட்டுக்காரர்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, பிரியாணிக்குப் பிறகு, குடோன் மாடியில் கூடுவோம். ஜன்னல் வழியாகக் கப்பலூர் வெயில் உருகிய பிளாஸ்டிக் போல மெதுவாக உள்ளே வழியும். மின்விசிறி சுற்றும். செயலாளர் சத்தியசீலன் அண்ணன், எங்களுக்கெல்லாம் மூடி அச்சு செய்து தருகிறவர், சர்ச்சில் வேதம் வாசிக்கும் அதே குரலில் அளவுகளை வாசிப்பார். கேட்கக் கேட்க எங்கள் தலைகள் ஒவ்வொன்றாக ஆடும். எது சம்மதம், எது தூக்கம் என்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. நானே ஒருமுறை, வைகை நிறைய நீல மூடிகள் மிதந்து போவதையும், நான் கரையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பதையும் கண்டேன். அந்த நேரம் பார்த்து இவர் எழுந்திருப்பார்.

“எனக்கு மனசு ஒப்பல.”

“எது ஒப்பல, மாப்ள?” என்பார் சத்தியசீலன் அண்ணன்.

“சொல்லத் தெரியலண்ணே. ஒப்பல.”

இப்படியே வருஷங்கள் போய்விட்டன. போன மாதம் தண்ணீர் கம்பெனிக்காரர்கள் வந்து, இந்தக் கோடைக்குள் ஒரே அளவு வராவிட்டால் வெளிமாநிலத்துப் பெரிய கம்பெனி ஒன்றிடமே மொத்தமும் வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அப்படி நடந்தால் அவர் கம்பெனி, என் கம்பெனி இரண்டுக்கும் பூட்டுதான். எனக்குத் தூக்கம் போயிற்று. நேற்றுக் கூட்டத்தில் விதியையே மாற்றச் சொன்னேன். வேண்டாம் என்கிறவர் காரணத்தைச் சொல்ல வேண்டும். அதற்குச் சபை பதில் சொல்ல வேண்டும். பதில் சரியாக இருந்தால், அவருக்குப் பிடிக்காவிட்டாலும் முடிவு முடிவுதான். எல்லாரும் நல்ல யோசனை என்றார்கள். ஆனால் எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்ற விதியை மாற்றவும் எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டுமே. இவர் எழுந்தார்.

அப்போது நான் ஒன்று சொன்னது உண்மைதான். “வீட்டுலயும் இதே கதைதான். கறி எடுக்கவா மீன் எடுக்கவான்னு கேட்டா சாயங்காலம் அசர் வரைக்கும் இவருக்கு மனசு ஒப்பாது” என்றேன். சபை சிரித்தது. அவர் இறங்கிப் போய்விட்டார். தவ்பீக் கேட்டது இதுவரைதான்.

நானும் பின்னாலேயே போனேன். குடோனுக்குப் பின்புறம், திரும்பி வந்த மூடி மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்து மூட்டையில் உட்கார்ந்தேன். எதிரே பொட்டல், அதற்கு மேல் ஒரு வெள்ளை மேகம், எங்கேயும் போக அவசரமில்லாதது போல நின்றது.

“என்னங்க, அந்த அளவுல என்னதான் தப்பு?”

“ஒரு தப்பும் இல்ல. நல்ல அளவு.”

“பெறகு?”

“முடிவாயிட்டா கூட்டம் நின்னு போகும்ல.”

“நிக்கட்டுமே.”

“மத்த நாள்ல நீ உன் கம்பெனி, நான் என் கம்பெனி. இந்த ஒரு நாளுதான் ஒரே வண்டியில வாரோம், போறோம். திரும்புறப்ப பின்னால உக்காந்து எதையாச்சும் பேசிக்கிட்டே வார. பாதி காத்துல போயிருது. மீதி கேக்குது. அம்புட்டுதான்.”

அக்கா, மதுரைச் சுற்றுவட்டாரத்தில் கேன் ஒழுகி நனைந்த மாடிப்படிகளை எல்லாம் நான் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் மூட்டையை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

“கூட்டம் இல்லாட்டியும் வண்டியில போகலாம்ல?” என்றேன்.

“எங்க?”

“சும்மா.”

“சும்மா போறதுக்குப் பெட்ரோலா?” என்று யோசித்தார். மேகம் பாதி கரைந்த பிறகு, “சரி” என்றார்.

மேலே போனோம். சத்தியசீலன் அண்ணனின் மகள் பெர்சி, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், அப்பாவைக் கூட்டிப்போக வந்திருந்தாள். இன்டர்நெட்டுக்கு விதி எழுதுகிறவர்களின் கூட்டத்திலும் ஓட்டுக் கிடையாதாம். “சம்மதம்னா வாயை மூடிக்கிட்டு ‘ம்ம்ம்’னு சொல்வாங்க ஆன்ட்டி. வேண்டாங்கறவங்களும் அப்புறமா அப்படியே. எது பலமா கேக்குதோ அதை வச்சு மேக்கொண்டு பேசுவாங்க” என்றாள். செய்து பார்த்தோம். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு ஒரு மூலையில் தொடங்கி மாடி முழுக்கப் பரவியது. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டோம். அந்தச் சத்தத்தில் அவருடையதை மட்டும் என்னால் தனியாகக் கேட்க முடிந்தது; முகச்சவரம் செய்யும்போது அப்படித்தான் இழுப்பார். போதும் என்று சொல்ல வேண்டிய தலைவர் நான், சொல்லவே மறந்துபோனேன். வேண்டாம் என்பவர்களைக் கேட்டபோது மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். விதி மாறியது, அடுத்த மூச்சில் அளவும் முடிவானது. சத்தியசீலன் அண்ணன் மினிட்ஸ் நோட்டில் ‘சபை முனகியது’ என்று எழுத, பெர்சி அடித்துவிட்டு ‘சபை ரீங்கரித்தது’ என்று மாற்றினாள்.

நடந்தது இவ்வளவுதான். ஏச்சும் இல்லை, பிரிவும் இல்லை. இனி எங்களுக்கு ஞாயிறெல்லாம் ஓய்வு. நீங்கள் வயிறாரச் சாப்பிடுங்கள். அல்லாஹ் உங்கள் முழங்காலுக்குப் பலத்தையும் தவ்பீக்குக்கு முழுசாகக் கேட்கும் காதையும் தருவானாக. மச்சானுக்கு எங்கள் இருவரின் ஸலாம்.

உங்கள் துஆவை நாடும்,
சபியா

பி.கு.: உறையை ஒட்டும்போது பரவையிலிருந்து போன். கேன் செய்கிறவர்கள். இத்தனை வருஷத்தில் கேன்காரர்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த மாதத்திலிருந்து கேனின் வாயையே மாற்றுகிறார்களாம். எங்கள் அளவு எதற்கும் பொருந்தாது. வெளிமாநிலத்தான் மூடியும் பொருந்தாது என்பதால் தண்ணீர் கம்பெனிக்காரர்கள் காத்திருக்கச் சம்மதித்துவிட்டார்கள். கேன்காரர்களையும் சேர்த்து எல்லாவற்றையும் முதலிலிருந்து பேச வேண்டும். மாதம் ஒரு கூட்டம் போதுமா என்று கேட்டார்கள். தலைவர் என்ற முறையில், போதாது, வாரா வாரம் வைத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டேன்.