அக்காவைப் பசு மாதிரி என்று எழுதிய விவகாரம்

கல்லிடைக்குறிச்சி,
12.12.1994

அன்புள்ள சித்ரலேகா மதினிக்கு மதுமதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். மதுரையில் நீங்களும் மகேஷ் அண்ணனும் பாப்பாவும் சுகந்தானே?

மதினி, அக்கா கல்யாணத்தை நான் கெடுத்துவிட்டேன். நாக்பூர் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராதாம். "ஏட்டி, ஒம்பதாவது வரை படிச்சிருக்கேல்லா, இங்கிலீஷ்ல நீயே எழுது" என்று அப்பா என்னை உட்கார்த்திவிட்டார். வெளி ஆளிடம் கேட்க அவருக்குக் கூச்சம், முடியாது என்று சொல்ல எனக்குக் கூச்சம். "நம்ம பொண்ண நாமளே புகழ்ந்தா கண்ணு பட்டுரும், அடக்கமா எழுது" என்றார். அடித்துப் பேசாமல் அடக்கமாகச் சொல்ல 'சீம்ஸ்', 'அப்பியர்ஸ்' போடணும், போலிருக்கிறது, தெரிகிறது என்று அர்த்தம் என முன்பு நான் கேட்டதற்கு நீங்கள் கார்டில் எழுதியிருந்தீர்களே, அதை ஒரு வரி விடாமல் போட்டேன். அக்கா பிரம்மநாயகிக்கு வயது இருபத்திமூன்று போலிருக்கிறது. சமைக்கத் தெரியும் போலிருக்கிறது. என் அப்பாவின் மூத்த மகள் போலத் தெரிகிறது. நடுவில் அப்பா "பசு மாதிரி சாதுன்னு போடு" என்றார். 'சாது'வுக்கு இங்கிலீஷ் வார்த்தை தெரியாததால் 'லுக்ஸ் லைக் எ கவ்' என்று மட்டும் போட்டேன்.

தபாலில் சேர்த்துப் பத்து நாள் கழித்துத்தான் பக்கத்து வீட்டுப் பிரிஸில்லாவிடம் நகலைக் காட்டினேன். காலேஜில் படிக்கிறவள். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் எடுத்துவிட்டது. "ஏட்டி, குணம் பசு மாதிரின்னா 'லைக்' போதும். 'லுக்ஸ்' போட்டா மூஞ்சி பசு மாதிரின்னுல்லா ஆவுது! அது போவட்டும், உங்கக்கா உங்கப்பாவுக்குப் பொறந்தவதானான்னு உங்களுக்கே சந்தேகமா?" எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல, ரெண்டு நாளா சோறு எறங்கல, அக்கா என்னன்னா பொண்ணு பார்க்க வரும்போது கட்டணும்னு புதுச் சேலைக்கு ஃபால்ஸ் தைச்சிட்டு இருக்கா, அவ மூஞ்சியப் பார்க்கவே பயமா இருக்கு, பார்த்தா கொம்புதான் ஞாபகம் வருது.

நீங்கள் உடனே நாக்பூருக்கு நல்ல இங்கிலீஷில், வயது இருபத்திமூன்றேதான், அப்பா மகளேதான், பார்க்க மனுஷிதான் என்று எழுதிவிடுங்கள். விலாசம் பின்பக்கம். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

அண்ணனுக்கு என் வணக்கம். பாப்பா கன்னத்தில் எனக்காக ஒரு முத்தம்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத மதுமதி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகையில் நாக்பூரிலிருந்து பதில் வந்துவிட்டது. நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம். மாப்பிள்ளை சங்கரே எழுதியிருக்கிறார். அவர் எஞ்சினியர் போலிருக்கிறதாம். அவர் அம்மா சாந்தமானவர் போலத் தெரிகிறதாம். மாப்பிள்ளை பார்க்க எருமை மாதிரி இருப்பாராம். தை பிறந்ததும் வருகிறார்கள். அக்கா அந்தக் கடிதத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு தனியாகச் சிரிக்கிறாள். அப்பாதான், நான் தமிழில் சொன்னதிலிருந்து கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார்: "போலிருக்குன்னா என்னட்டி? எஞ்சினியரா, இல்லையா?"