புளிக் கிடங்கில் கணிப்பொறிப் புலம்

மனித நாகரிகம் எங்கே போய் நிற்குமோ என்று கவலைப்பட்டவர்களுக்கு ஒரு நற்செய்தி. அது 1987 ஜூலையில், கடத்தூரில், என் புளிக் கிடங்கில் வந்து நின்றது.

பல்கலைக்கழகம் புதிதாகத் தொடங்கிய 'கணிப்பொறி மற்றும் புள்ளியியல் புலம்' என் கிடங்கில்தான் திறக்கப்பட்டது. வாடகை வேண்டாம் என்றுவிட்டேன். கல்விக்குச் செய்வது தானம். இயக்குநர் டாக்டர் ஞானராஜ் நெகிழ்ந்து என் கையைக் குலுக்கினார். நானும் குலுக்கினேன், சற்று நீளமாகவே. மறுவாரம் 'ஆலோசனைக் குழு உறுப்பினர்' ஆனேன்.

எங்கள் மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டால் கைகளை மூடிக்கொண்டு, விரலைப் பிடித்துச் சொல்வார்கள். ஒரு விரல் நூறா ஆயிரமா என்பது அந்த இரண்டு பேருக்குத்தான் வெளிச்சம். இப்படிப்பட்ட இருட்டுப் பழக்கங்களை ஒழிக்க வந்ததே கம்ப்யூட்டர் என்று திறப்பு விழாவில் பேசினேன். கைதட்டல் பலமாக இருந்தது.

முப்பது மாணவர் இடங்களுக்கும் கம்ப்யூட்டரே ஆள் தேர்ந்தெடுத்தது. பட்டியல் ஒட்டிய அன்று மாட்டுத் தரகர் ஹயாத் பாஷா மகள் ஷகிலாவுடன் வந்தார். பென்னாகரத்துப் பெண். கணக்கில் இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு.

"சார், லிஸ்ட்ல என் பேரு இல்லீங்களே?"

"நான் என்னம்மா பண்றது? கம்ப்யூட்டர் போட்ட லிஸ்ட்டு. அதுக்கு வேண்டியவன் வேண்டாதவன் கெடையாது" என்றார் ஞானராஜ்.

"அப்ப என் எதிர்ல இன்னொருக்கா போடச் சொல்லுங்க சார்."

"சும்மா சும்மா கேட்டா அது சூடாயிரும்மா."

ஷகிலா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நேராக ஏ.சி. அறைக்குள் போனாள். கம்ப்யூட்டருக்குப் போர்த்தியிருந்த துணியை ஒரே இழுப்பில் உருவினாள். உள்ளே அது தெர்மாகோல் அணைப்பில் பச்சைக் குழந்தை போல் தூங்கிக்கொண்டிருந்தது. ஒயர் இன்னும் பிளாஸ்டிக் பையில் சுருண்டிருந்தது.

"ப்ளக்கு போட பெங்களூர்லருந்து ஆளு வரணுங்க" என்றார் அட்டெண்டர் நஞ்சப்பன், யாரும் கேட்காமலே.

ஞானராஜ் அசரவில்லை. "கரண்ட் இல்லாமயே முப்பது பேரத் தேர்ந்தெடுத்திருக்குன்னா, கரண்ட் வந்தா எப்படி வேலை செய்யும், யோசிங்க!"

யோசித்தேன். புல்லரித்தது.

பாஷா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மகளோடு நடந்தார். அன்று மாலையே குழு அவசரமாகக் கூடி, 'அனுமதியின்றித் துணி விலக்கிய செயலை' வன்மையாகக் கண்டித்தது. தீர்மானத்தை முன்மொழிந்தவன் நான்.

பட்டியலில் பதினேழாவது பெயர் முனிராஜ். என் மகன். பிளஸ் டூ கணக்கை மூன்று முறை எழுதியவன்: அறுபத்தொன்று, அறுபத்தாறு, எழுபது. கூட்டினால் நூற்றுத் தொண்ணூற்றேழு. ஷகிலாவைவிட ஒன்று அதிகம். கம்ப்யூட்டர் அப்படித்தான் கூட்டியிருக்க வேண்டும்.

முதல் தேர்வில் பையன் கணக்கில் பூஜ்யம் வாங்கினான். "நல்ல டியூஷனாப் பாருங்க. அந்தப் பென்னாகரத்துப் பொண்ணு பிரமாதமா சொல்லித் தருதாம்" என்றார் ஞானராஜ், கூசாமல்.

நானும் கூசாமல் சந்தைக்குப் போனேன்.

"பாய், பையனுக்கு உங்க பொண்ணு கணக்குச் சொல்லித் தரணும். என்ன கேக்கறீங்க?"

பாஷா சிரித்தார். தோள் துண்டை எடுத்து எங்கள் கைகளை மூடினார். என் ஆள்காட்டி விரலை மட்டும் பிடித்தார்.

"மாசம் நூறா?"

"இல்லீங்க மொதலாளி."

"ஆயிரமா? பரவால்ல பாய், படிப்பாச்சே."

"ஒரு சீட்டுங்க. உங்க பையன் உக்காந்திருக்கறது."

கையை இழுத்தேன். முப்பது வருடமாக முரட்டு மாடு பிடித்த கை, விடவில்லை. சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

பாஷா இன்னொரு கையால் துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டார். விரலை மட்டும் விடவில்லை.