படுகளத்தில் சாக மறுக்கும் வணங்காமுடி

காஞ்சிபுரத்தில் எங்கள் வணங்காமுடியைப் போல அடம்பிடித்துச் சாகிற ஆளை நீங்கள் பார்த்திருக்கவே முடியாது. வருஷா வருஷம் அவரைக் கொன்று அலுத்துப்போனவன் சொல்கிறேன்.

பயப்படாதீர்கள். எங்கள் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து முடிகிற அன்று காலையில் படுகளம். மண்ணால் செய்த பெரிய துரியோதனன் தரையில் மல்லாந்து கிடப்பான். அவனைச் சுற்றித் துரியோதனன் வேஷம் கட்டும் வணங்காமுடி ஓட, பீமன் துரத்தித் தொடையில் அடிக்க வேண்டும். அவர் செத்தால்தான் பாஞ்சாலி கூந்தலை முடிவாள், சாயங்காலம் தீமிதி. பீமன் நான். உடம்பு மட்டும்தான் பீமன், முட்டியில் தாங்க முடியாத வலி.

வேஷத்தைக் கலைத்தாலும் அவர் துரியோதனன்தான். ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். எதிரே பஸ் வந்தாலும் ஒதுங்க மாட்டார். "ஊசி முனை எடம்கூட குடுக்க மாட்டேன், போய்யா!" பஸ்தான் பின்னால் போகும்.

ஒரு வருஷம் களத்தை விட்டே ஓடி, கிரீடத்தோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கதாயுதத்தைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்கப் போனால், "குந்துபா பீமா. வெறும் வயித்துல எப்டி சாவறது?" என்கிறார். அங்கே தலைவிரி கோலமாகப் பாஞ்சாலி வெயிலில் காய்கிறாள். என்ன செய்ய, நானும் ஒரு டீ குடித்தேன்.

இந்த வருஷம் திருவிழாவுக்கு முன்னால் அவருக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து, ஓடவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வேறு ஆள் போடலாம் என்றால், "நான் இருக்கசொல்ல இன்னொருத்தன் சாவறதா?" என்று ஒற்றைக்காலில் நின்றார். அவர் சம்சாரம் என்னிடம் வந்து, "தம்பி, ஓட வுடாதே. ஒரே அடியில முடிச்சுடு" என்று அழுதார்.

சரியென்றுதான் களத்தில் இறங்கினேன். மனுஷன் பக்கத்தில் வந்து, "ஒரே ஒரு சுத்துபா" என்று கிசுகிசுத்தார். கதாயுதத்தை ஓங்கிக் காட்டினேன்.

"நடந்துதான் போவணும். ஓடினீங்க, இங்கியே அடிச்சுடுவேன்."

நடந்தார். பின்னாலேயே நானும் நடந்தேன். அவர் மூச்சு வாங்க நின்றபோதெல்லாம் நான் குனிந்து சலங்கையை இறுக்கினேன். "இன்னாபா, ரெண்டு பேரும் வாக்கிங் போய்க்கினு கீறீங்களா?" என்று கூட்டத்தில் ஒருத்தன் கத்தினான். பீமன் மானம் கப்பலேறியது.

சுற்று முடிந்ததும் பட்டும் படாமலும் தொடையில் தட்டினேன். சாய்ந்தார். பாஞ்சாலி கூந்தல் முடிந்தாள், மேளம் நின்றது, கூட்டம் கலைந்தது. அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. குனிந்து அவர் தோளை உலுக்கினேன்.

"யோவ், எழுந்துருய்யா! அண்ணி கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?"

ஒரு கண் மெல்லத் திறந்தது. "செத்தவன் எப்டிபா தானா எழுந்துக்குவான்? கை குடு."

கொடுத்தேன். அவர் வீடு போய்ச் சேரும்வரை அந்தக் கையை விட எனக்கு மனசு வரவில்லை.