என் சம்பள உயர்வைத் தள்ளிப்போட்ட இ.எஸ்.ஐ. சார்

உலகத்தில் மனிதர்கள் இரண்டே வகை: இ.எஸ்.ஐ. கார்டு உள்ளவர்கள், இல்லாதவர்கள். இப்படி உறுதியாக நம்பி வாழ்ந்த ஒரே மனிதர், நன்னிலம் பக்கம் நான் வேலை பார்த்த அரிசி ஆலையின் கணக்கர். அவருடைய சொந்தப் பெயர் அவர் வீட்டம்மாவுக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம். எங்களுக்கு அவர் இ.எஸ்.ஐ. சார்.

லோடுமேன் ஒருவரின் கல்யாணத்தில் மேடையேறினார். மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு, "பொண்ணோட ஆதார் நகல் இருக்கா தம்பி?" என்றார்.

"சார், தாலி கட்டி அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு!"

"அஞ்சு நிமிஷமா கார்டுல பேரு இல்லாம நிக்குது பாருங்க அந்தப் பொண்ணு!"

ஆலையில் யார் காலிலாவது மூட்டை விழுந்தால், அடிபட்டவர் 'ஐயோ' என்று முடிப்பதற்குள் இவர் விபத்து அறிக்கையோடு வந்து நிற்பார். "கையெழுத்துப் போட்டுட்டு அழுங்க" என்பார்.

ஒரு வருடம் என் மனைவிக்குப் பித்தப்பையில் கல். ஜூனில் ஆபரேஷன் என்று நாள் குறித்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து முதலாளி, ஏப்ரல் முதல் எனக்குச் சம்பளம் ஏற்றுவதாகச் சொன்னார். வயிற்று வலியோடு என் மனைவி கேசரி கிண்டினாள். இரண்டாம் நாளே முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

"மே மாசத்துலேர்ந்து பாத்துக்கலாம்ப்பா. என் ராசிக்கு ஏப்ரல்ல புதுச் செலவு ஆகாதாம். நம்ம இ.எஸ்.ஐ. சார் பஞ்சாங்கத்தைப் பிரிச்சே காட்டிட்டாரு."

பஞ்சாங்கத்தில் ஏப்ரல் எங்கே வந்தது? எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேராக இ.எஸ்.ஐ. சார் மேஜைக்குப் போய்க் கத்தினேன்.

"வயித்துல அடிச்சிட்டீங்களே சார்!"

"மெதுவா பேசுங்க. முதலாளிகிட்ட ரூல் பேசினா தூங்கிடுவாரு. பஞ்சாங்கம் பேசினாத்தான் எழுந்து உக்காருவாரு. ஏப்ரல்லயே ஏறினா நீங்க சம்பள வரம்பைத் தாண்டிடுவீங்க, கார்டும் போயிடும், இலவச வைத்தியமும் போயிடும். மே மாசம் ஏறினா, ஆறு மாசக் கணக்கு ஏப்ரல்லயே ஆரம்பிச்சுட்டதால, தாண்டினாலும் செப்டம்பர் கடைசி வரைக்கும் கார்டு உண்டு. வீட்டம்மாவுக்கு ஆபரேஷன் ஜூன்லதானே?"

நான் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வெளியே ஆபரேஷன் செய்வதென்றால் அவள் கழுத்தில் மஞ்சள் கயிறுதான் மிஞ்சியிருக்கும்.

"இதை முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே சார்?"

"சொன்னா நீங்க முதலாளியைப் பார்த்துச் சிரிச்சிருப்பீங்க. உங்க முகத்துல ஒரு ரகசியம் நிக்காது."

ஜூனில் கார்டிலேயே தஞ்சாவூரில் ஆபரேஷன் நடந்தது. தியேட்டர் வாசலில் என்னோடு அவரும் நின்றார். "நல்லபடியா முடிஞ்சுது" என்று டாக்டர் வந்து சொன்னதும் திரும்பிப் பார்த்தேன். மனிதர் ஜன்னலோரம் கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சார், இன்னும் ஏதாவது ரூல் பாக்கியா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரூல் எல்லாம் வாசல் வரைக்கும்தாங்க. உள்ள இருக்கறவங்களுக்கு வேண்டிக்கத்தானே முடியும்?"

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. அன்றைக்கு ஒருவர் இருந்தார்.