ரெண்டாம் தரம் வரைக்கும் வீடு நம்முடையது

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. நான் நலம். உங்கள் அத்தை இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை என்பதால் அவள் நலத்தை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நீங்களும் மகளும் பேரனும் நலமாக இருப்பீர்கள், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரையிலாவது.

கடன் தவணை நின்றுபோய் வங்கி ஏலத்துக்குக் கொண்டுவந்த உங்கள் வீட்டை, உங்கள் சார்பில் நானே போய் மீட்டு வருகிறேன் என்று மார்தட்டிக் கிளம்பினேன் அல்லவா? சலவைச் சட்டையோடு அரை மணி முன்னதாகவே போய், இருந்ததிலேயே நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தேன். உள்ளே வந்தவர்கள் எல்லாம் எனக்கு வணக்கம் வைத்தார்கள். நானும் பெரிய மனுஷனாகத் தலையசைத்துக்கொண்டிருந்தேன். கடைசியாகக் கோப்போடு வந்த ஒருவர், "ஐயா, ஏலம் விடப்போறது நானா, நீங்களா?" என்றார். அது அதிகாரியின் நாற்காலி. அன்றைய மானக்கேடு அதோடு தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனேன்.

உங்கள் வீட்டுக்குப் போட்டியாக வந்திருந்தது ஒரே ஒரு பல் டாக்டர், மனைவியோடு. அதிகாரி விவரம் வாசித்துக்கொண்டே வந்து, "மேற்குச் சுவரில் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு உள்ளது" என்றதும் டாக்டர் பையை மூடிவிட்டார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆரம்ப விலைக்கே கேட்டேன். "ஒரு தரம்" என்றார் அதிகாரி. "ரெண்டு தரம்" என்றார். மூன்றாவதைச் சொல்வதற்குள் டாக்டர் மனைவியிடம், "நல்லவேளை தப்பிச்சோம். எந்தப் புண்ணியவான் கட்டினானோ, சிமெண்டுக்குப் பதிலா மண்ணக் கொழைச்சிருக்கான்" என்றது காதில் விழுந்தது. அந்தப் புண்ணியவான் யார் என்று உங்களுக்குத் தெரியும். முப்பது வருஷம் கொத்தனாராகக் கரணை பிடித்த கை இது. எழுந்து நின்றேன், வாய் தவறிவிட்டது.

"அது செவுத்து வெடிப்பில்ல சார், பூச்சு வெடிப்பு. கத்தி முனைய விட்டுப் பாருங்க, செங்கல்லுல முட்டி நின்னுடும். அஸ்திவாரம் ஒரு ஆள் ஆழம்."

அதிகாரி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஐயா, வீட்ட இப்ப கேட்டுட்டு இருக்கறது நீங்கதான். ஞாபகம் இருக்கா?"

டாக்டர் நாற்காலியோடு திரும்பிவிட்டார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கட்டின கொத்தனார் எனக்குப் பழக்கம்."

"ஆளு எப்படி?"

"வேலை சுத்தம். வாய்தான் கட்டுப்படாது."

மூடிய பை திறந்தது. அவர் ஒன்று ஏற்ற, நான் ஒன்று ஏற்ற, ஐந்தாவது தடவையில் நீங்கள் சொல்லியனுப்பிய தொகை தீர்ந்துபோயிற்று. இந்த முறை மூன்று தரமும் முழுசாகக் கேட்டது, அவர் பெயருக்கு. வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியவரே, நீங்க சொல்லலன்னா விட்டிருப்பேன்" என்றார். பூச்சைச் சரிசெய்ய அதே கொத்தனாரை அனுப்பச் சொல்லியிருக்கிறார். சொல்லிப் பார்க்கிறேன் என்றேன்.

இங்கே பின்பக்க அறையைக் காலி செய்து வெள்ளையடித்துவிட்டேன். மூன்று பேருக்கு நெருக்கம்தான். எத்தனை மாதமானாலும் இருங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். மகளிடம் அப்பா ஏலத்தில் தோற்றுவிட்டார் என்று மட்டும் சொல்லுங்கள். அப்பா பேசினார் என்று சொல்ல வேண்டாம், மீதிக் கதையை அவளே சொல்லிவிடுவாள்.

இதைவிட நல்ல வீடும், வாயடக்கமுள்ள உறவும் உங்களுக்கு வாய்க்கட்டும். பேரனுக்கு முத்தங்கள்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: வாய் தவறிவிட்டது என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். எழுந்திருக்கும்போதே எனக்குத் தெரியும், பேசாமல் உட்கார்ந்தால் வீடு நமக்கு என்று. அந்த ஒரு நிமிஷம், என் மகள் குடியிருந்த வீட்டைவிட நான் எழுப்பிய சுவர் எனக்குப் பெரிதாகப் போய்விட்டது. இத்தனை பேசிய வாய், இதை மட்டும் வேறு யாரிடமும் சொல்லவில்லை.