ஓடைத் திட்டில் பிடுங்கிய பல்

பூகோளப் படத்தை நாலாக மடித்தால் மடிப்பு விழுகிற இடத்தில் முன்னேறிபுரம் என்றொரு நாடு இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் வளர்நாடு. நடுவே ஓர் ஓடை, ஓடைக்குள் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மணல்திட்டு. இரண்டுமே வளரும் நாடுகள். எவ்வளவு காலமாக வளர்கின்றன என்று மட்டும் கேட்கக் கூடாது.

வருஷா வருஷம் வெளியாகும் நலவாழ்வுத் தரவரிசையில் அந்த ஆண்டு வளர்நாடு ஒரு படி மேலே போய்விட்டது. முன்னேறிபுரத்து மன்னர் மகிழ்கோவுக்குச் சோறு இறங்கவில்லை.

“மன்னா, நம் மக்கள் வெறும் மக்களாகவே இருந்துவிட்டார்கள். அவர்களை மனித வளமாக மாற்றியாக வேண்டும்” என்றார் அமைச்சர் திறல்நம்பி.

அந்த நாட்டில் ஒரு பழக்கம். ஒருவர் ஒரு வேலையை நன்றாகச் செய்தால் பொன்னாடை போர்த்திப் பயிற்றுநர் ஆக்கிவிடுவார்கள். பொன்னாடை வாங்கியவர் மறுபடி கருவியைத் தொட்டால் பொன்னாடைக்கே அவமானம். அமைச்சர் இதைச் சட்டமாக்கி, தொட்டால் சிறை என்று ஒரு வரியும் சேர்த்தார். கெட்டிக்காரர்கள் எல்லாரும் பாடம் நடத்தப் போனார்கள். வேலை முழுவதும் அரைகுறைகள் தலையில் விழுந்தது. புதுச் சுவர்கள் சாய்ந்தன. காலையில் இட்லியைப் பிட்க ஜனங்கள் சுத்தியல் தேடினார்கள்.

முணுமுணுப்பு எழுந்ததும் அடுத்த சட்டம் வந்தது. யார் நலம் விசாரித்தாலும் “ரொம்ப சௌக்கியம்” என்றே சொல்ல வேண்டும். என்ன அக்கிரமம்! ஆனால் பாருங்கள், தரவரிசையில் நாடு கிடுகிடுவென ஏறியது.

இந்த நேரம் பார்த்து மன்னரின் கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்தது.

பல் பிடுங்குவதில் பேர்போன முத்துப்பேச்சியை அழைத்து வந்தார்கள். அவள் இப்போது தலைமைப் பயிற்றுநர். குறட்டைக் கையால் தொட்டே ஒரு வருஷமாகிறது. பலகையில் பல் படம் வரைந்து காட்டியே அலுத்துப் போயிருந்தாள். மன்னர் வாயைத் திறந்ததும் அவள் கை பரபரத்தது.

“அய்யோ, நல்லா ஆடுது ராசா! ஒரே இழுப்புல வந்துரும்.”

“இழு தாயி!”

“தொட்டா ஜெயிலுன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?”

“அமைச்சரே, சட்டத்தை மாற்றும்! வலி உயிர் போகிறது!”

திறல்நம்பி பதறிப்போய்க் கதவைச் சாத்தினார். “மன்னா, அந்த வார்த்தை வெளியே போனால் தரவரிசை என்னாவது? தாங்கள் ரொம்ப சௌக்கியம். திருத்தத்துக்கு ஒரு குழு அமைப்போம். முதலில் குழுவுக்குப் பயிற்சி அளித்து...”

“விளங்குனாப்பலதான்” என்றாள் பேச்சி. “ராசா, உங்க சட்டம் ஓடைக்கரை வரைக்கும்தானே? திட்டுக்கு வாங்க, நான் பாத்துக்கிறேன்.”

மன்னர் முக்காடு போட்டுக்கொண்டு ஓடையில் இறங்கினார். திட்டில் ஏற்கெனவே இன்னொரு முக்காடு உட்கார்ந்திருந்தது. வளர்நாட்டு மன்னர்! அவருடைய கை பிசகித் தொங்கியது. அந்த நாட்டிலும் இதே சட்டங்கள்தான். எலும்பு வைத்தியர் ஒருவர் திருட்டுத்தனமாகக் கையை நீவிக்கொண்டிருந்தார்.

“தாங்கள் நலமா?” என்றார் இவர், கன்னத்தைப் பிடித்தபடி.

“ரொம்ப சௌக்கியம்” என்று முனகினார் அவர்.

பேச்சி ஒரே இழுப்பு இழுத்தாள். மன்னர் போட்ட கூச்சலில் கொக்குகள் பறந்தன. பல் அவள் குறட்டில் இருந்தது. பேச்சிக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

சேதி பரவாமல் இருக்குமா? பொன்னாடை வாங்கிய இட்லிக்காரர்கள் அடுப்போடு வந்தார்கள். கொத்தனார்கள் வந்து கொட்டகை கட்டினார்கள். இரண்டு நாட்டு ஜனமும் ஓடையை மிதித்துத் தாண்டியது. அங்கே யாரும் சௌக்கியமா என்று கேட்கவில்லை, இட்லிக்குச் சட்னியா சாம்பாரா என்றுதான் கேட்டார்கள்.

அடுத்த தரவரிசை வெளியானது. முதலிடம், பெயரில்லாத ஒரு மணல்திட்டு.

பல் வலி போன மன்னருக்குப் புத்தி வந்திருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? திட்டு தங்களுடையது என்று இரு மன்னர்களும் ஒரே நாளில் அறிவித்து, கூட்டாக ஆள ஒப்பந்தமும் போட்டார்கள். அமைச்சர் திறல்நம்பி ஒரு வண்டி நிறையப் பொன்னாடையோடு ஓடையில் இறங்கினார்.

வண்டியைப் பார்த்ததுமே பேச்சி, கையிலிருந்த குறட்டைத் துடைத்துப் பையில் போட்டாள். பக்கத்தில் இட்லிக்காரர் அவசரமாக அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தார்.

“ஏண்ணே,” என்றாள் அவரிடம், “இதுக்கு அடுத்த எல்லை எங்கிட்டு இருக்கு?”