வடையின் விட்டமும் மாப்பிள்ளையின் வேலையும்

அன்புள்ள மாப்பிள்ளை சாம்சனுக்கு,

கும்மிடிப்பூண்டியிலிருந்து மாமா பாக்கியராஜ் எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் உங்கள் அத்தை கிரேஸும் நலம். புனேயில் நீங்களும் ஏஞ்சலினும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். போனில் பேசினால் கிரேஸ் பிடுங்கிக்கொள்கிறாள், ஆகவே கடிதம். சொல்லப்போவது:

1. விலைவாசி ஏறுகிறது.
2. தொழில் தேங்கிக் கிடக்கிறது.
3. இரண்டும் சேர்ந்தால் தேக்கவீக்கம். ஆகவே இங்குள்ள உருக்காலை வேலைக்கு நீங்கள் வரவேண்டாம்.

வரலாமா என்று நீங்கள் கேட்டதிலிருந்து என்னால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. பிரசவத்துக்கு வந்தாலும் ஏஞ்சலின் குழந்தையோடு புனேவுக்குத் திரும்பிவிடுவாள். நீங்கள் இந்த வேலைக்கு வந்தால் இங்கேயே இருப்பாள். எனக்கு அந்த ஆசை இருப்பதாலேயே என் வார்த்தையை நானே நம்பாமல், புள்ளியியல் துறையில் ஓய்வு பெற்றவன் என்ற முறையில் நேரில் ஆராயப் புறப்பட்டேன். விலையை ஏற்றாமல் பண்டத்தைச் சுருக்குவதும் விலையேற்றம்தான், எனவே மணவாளன் டீக்கடையில் வடையின் பக்கத்தில் ஸ்கேலை வைத்தேன், வடை சுருங்கித்தான் இருந்தது, ஆனால் அவர் என்னை உணவு அதிகாரி என்று நினைத்துவிட்டார். மறுநாள் எனக்கு மட்டும் தட்டு நிறைய ஒரு வடை வந்தது. நான் அதிகாரி இல்லை, இது மாதிரிக் கணக்கெடுப்புக்கு ஒவ்வாது, எல்லாருக்கும் போடுவதைக் கொடுங்கள் என்றேன். "பெருசு, துன்றதுக்கு வந்தியா, அளக்கிறதுக்கு வந்தியா? பின்னால ஆளு நிக்கிது பாரு" என்றார். அதன்பின் அங்கே போகக் கூச்சம்.

அடுத்து, உங்களை அழைத்திருக்கும் ஆலையையே கவனித்தேன். காலை ஏழு மணி நடையிலும் மாலை ஏழு மணி நடையிலும் போய் நின்றேன். ஒரு நாள்கூடப் புகைபோக்கியில் புகை இல்லை. கேட்டில் காவல் இருக்கும் யேசுதாஸ், "இன்னா சார், டெய்லி மேலயே பாத்துகினு நிக்கிற, புறா வுட்டியா?" என்றார். வேலை இல்லையா என்று கேட்க வாய் வரவில்லை. கழுத்துக்குப் பயிற்சி என்று சொல்லிவிட்டேன். இரவெல்லாம் யோசித்து, வரவேண்டாம் என்றே முடிவு செய்தேன். கிரேஸ் இரண்டு நாளாகப் பேசவில்லை. இன்று காலைதான், "நாட்டுக்கா கணக்கு சொல்லப் போற? பொண்ணு வரட்டும்னு ஒரு வரி எழுதேன்யா" என்றாள். ஒரு வரியில் எழுதக்கூடிய விஷயமா இது? என் கணிப்பு தவறாகவும் இருக்கலாம், ஆனால் தவறைக் காண முடியவில்லை.

ஆண்டவர் உங்கள் இருவரையும், வரப்போகும் பிள்ளையையும் காப்பாராக.

மாமா
பாக்கியராஜ்

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்க மத்தியானம் போனேன். அந்நேரத்தில் நான் வெளியே போவதில்லை. ஆலையில் புகை கிளம்பிக்கொண்டிருந்தது. யேசுதாஸிடம் கேட்டேவிட்டேன். "காலைலயும் சாயங்காலமும் கரண்ட்டு ரேட்டு ஜாஸ்தி சார். அந்த நேரம் பாத்து உலைய நிறுத்திடுவாங்க. மத்த நேரம் ஓட்டிகினேதான் கீறாங்க. ஆளு பத்தலன்னு ஒரே பேஜாரு" என்றார். மாப்பிள்ளை, உடனே வேலையை ஒப்புக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தை ஏஞ்சலினிடம் காட்ட வேண்டாம். தொழில் தேங்கிக் கிடக்கிறது என்ற இரண்டாவது குறிப்பு தவறு. நான் இத்தனை நாள் அளந்தது நாட்டின் தொழிலை அல்ல, நான் நடக்கப் போகும் நேரத்தை.